மடிப்பதா, இழுப்பதா, வெட்டுவதா: அகல டயருக்காக ஃபெண்டரில் கை வைக்கும் முன்

புது அலாய் வீல் மாட்டிவிட்டுத் தனியாக ஓட்டிப் பார்க்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். பின்சீட்டில் இரண்டு பேர் ஏறி, கார் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போதுதான் 'சர்ர்' என்று அந்தச் சத்தம் வரும். இறங்கிப் பார்த்தால் டயரின் தோள்பட்டையில் கத்தியால் கீறியது போல ஒரு கோடு. அப்போதுதான் நம்மில் பலர் ஃபெண்டரைப் பற்றி, அதாவது வீலுக்கு மேலே வளைந்து நிற்கும் அந்த உடல் தகட்டைப் பற்றி, யோசிக்கவே ஆரம்பிக்கிறோம். வீல் வாங்கும் முன்பே யோசித்திருக்க வேண்டும் என்பது வேறு விஷயம்.

வழிகள் பல இருக்கின்றன. ஃபெண்டரின் உள்மடிப்பை உருட்டி மடக்கலாம் (ரோலிங்). ஃபெண்டரையே வெளியே இழுக்கலாம். வெட்டிவிட்டு மேலே ஃபிளேர் (ஃபெண்டரை வெளியே நீட்டும் தனி வளைவுத் துண்டு) பொருத்தலாம். தகட்டை வெல்டு செய்து அகலப்படுத்தலாம், ஃபெண்டரையே மாற்றலாம். எதையும் தொடாமல் வீல் தேர்வை மாற்றிக்கொள்வதும் ஒரு வழிதான். இவற்றை அழகை வைத்து ஒப்பிடுகிறவர்கள்தான் அதிகம். நான் இரண்டே கேள்விகளை வைத்து ஒப்பிடுகிறேன்: எத்தனை மில்லிமீட்டர் தேவை? பெயின்ட் தப்புமா, தப்பாதா?

முதலில் கணக்கு

கம்பெனி கொடுத்தது 7 ஜே ரிம் (7 அங்குல அகலம்), ஆஃப்செட் 45, டயர் 205/55 ஆர் 16 (205 மி.மீ. அகலம், பக்கச்சுவரின் உயரம் அதில் 55 சதவீதம், 16 அங்குல ரிம்) என்று வைத்துக்கொள்வோம். ஆசைப்படுவது 8 ஜே ரிம், ஆஃப்செட் 35, டயர் 225/45 ஆர் 17. ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டுக்கும், அது ஹப்பில் (வீலைத் தாங்கிச் சுற்றும் பாகம்) போய் ஒட்டுகிற முகத்துக்கும் இடையில் உள்ள தூரம். வழக்கமான கார்களில் இந்த எண் குறையக் குறைய வீல் வெளியே தள்ளி நிற்கும்.

ரிம் ஒரு அங்குலம், அதாவது 25.4 மி.மீ. அகலமாகிறது. அதில் பாதி, 12.7 மி.மீ., வெளியே போகும், மறுபாதி உள்ளே. ஆஃப்செட் 10 குறைந்ததால் மொத்த வீலும் இன்னும் 10 மி.மீ. வெளியே நகரும். ஆக வெளிவிளிம்பு 22.7 மி.மீ. வெளியே வருகிறது, உள்விளிம்பு 2.7 மி.மீ. மட்டும் உள்ளே போகிறது. இதே 8 ஜே ரிம்மை ஆஃப்செட் 45-இலேயே வாங்கியிருந்தால் இரண்டு பக்கமும் 12.7 மி.மீ. சமமாகப் போயிருக்கும். வாங்கும்போது ஒரு எண்ணை மாற்றிக் கேட்டதற்கு ஃபெண்டர் பக்கம் 10 மி.மீ. மிச்சம். ஃபெண்டரை ரோலிங் செய்து பெறுவதும் ஏறக்குறைய இவ்வளவுதான். ஆனால் உள்பக்கத்தில் ஷாக் அப்சார்பருக்கும் டயருக்கும் நடுவில் அந்த 12.7 மி.மீ. இடம் இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்க வேண்டும். உள்ளே உரசினால் எந்த ஃபெண்டர் வேலையும் உதவாது.

உயரத்தைப் பற்றி இந்த உதாரணத்தில் கவலை இல்லை. முதல் டயரின் மொத்த விட்டம் சுமார் 632 மி.மீ., இரண்டாவதன் விட்டம் சுமார் 634. சிக்கல் முழுக்க அகலத்தில்தான். அங்கேயும் ஒரு சூட்சுமம் உண்டு: டயரில் 225 என்று எழுதியிருந்தாலும் எல்லா 225-ம் ஒன்றல்ல. ரிம் அரை அங்குலம் அகலமானால் டயரின் அகலமும் சுமார் 5 மி.மீ. விரியும். ஒரு கம்பெனியின் டயருக்குத் தோள் உருண்டையாக இருக்கும், இன்னொன்றுக்குப் பெட்டி போலச் சதுரமாக இருக்கும். உரசுவது அந்தத் தோள்தான். நண்பரின் காரில் உரசாத அளவு உங்கள் காரில் உரசுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

கார் நின்றபடி அளப்பதால் பெரிதாகப் பயன் இல்லை. ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, வீலை மாட்டி, கீழிருந்து ஜாக்கி கொடுத்து, வீல் மேலே ஏறும் எல்லையில் இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரில் முட்டும் வரை மெதுவாக ஏற்ற வேண்டும். முன்வீல் என்றால் ஏற்றும் ஒவ்வொரு நிலையிலும் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பிப் பார்க்க வேண்டும். அரை நாள் வேலை. அந்த அரை நாளில் கிடைக்கும் பதில் வேறு எங்கேயும் கிடைக்காது, ஏனென்றால் வீல் நேர்கோட்டில் மேலே ஏறுவதில்லை. வீலை மேலும் கீழும் இரண்டு கைகள் தாங்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷனில் ஏற ஏற வீலின் தலை உள்ளே சாயும், அதனால் நின்ற நிலையில் முட்டுவது போலத் தெரிவதுகூட ஓடும்போது தப்பிவிடும். கீழே ஒரு கையும் மேலே ஷாக் அப்சார்பருமாகத் தாங்கும் மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட்டில் அந்தச் சாய்வு குறைவு. பின்பக்கம் ஒரே தண்டாக ஆக்சில் இருக்கும் வண்டிகளில் ஒரு வீல் மட்டும் பள்ளத்தில் இறங்கினால் முழு ஆக்சிலும் சரியும். அதனால் இரண்டு பக்கத்தையும் சேர்த்து ஏற்றிப் பார்த்தது போதாது, ஒரு பக்கத்தை மட்டும் ஏற்றியும் பார்க்க வேண்டும்.

உரசும் இடத்தை வைத்தே பாதி முடிவு வந்துவிடும். மடிப்பின் நுனியில் உரசினால் ரோலிங் போதும். ஃபெண்டரின் வெளித்தகட்டின் உள்முகத்திலேயே டயர் முட்டினால் மடிப்பை எவ்வளவு மடக்கியும் பயனில்லை. ஃபெண்டரின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறையான லைனரில் மட்டும் உரசினால் அதைச் சூடாக்கி உள்ளே அமுக்கிவிடலாம். பம்பரும் ஃபெண்டரும் சேரும் மூலையில் இருக்கும் ஸ்குரூவும் தகட்டு நாக்கும்தான் பல கார்களில் உண்மையான குற்றவாளி. அதை இடம் மாற்றிப் பொருத்திவிட்டு மற்றதை மறந்துவிடலாம்.

தொடாமல் தப்பிக்கும் வழிகள்

சரியான ஆஃப்செட், ஒரு சைஸ் குறைந்த டயர், காரைக் கொஞ்சம் உயர்த்துவது, கேம்பரை (வீல் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணத்தை) மாற்றுவது. இந்த நான்கையும் தாண்டித்தான் ஃபெண்டருக்கு வர வேண்டும். கேம்பரை ஒரு டிகிரி உள்ளே சாய்த்தால், 630 மி.மீ. விட்டமுள்ள டயரின் தலை சுமார் 5.5 மி.மீ. உள்ளே போகும். சின்ன எண்தான், ஆனால் சில நேரம் அதுவே போதும். இரண்டு, மூன்று டிகிரி என்று போனால் டயரின் உள்விளிம்பு சீக்கிரம் வழுக்கையாகிவிடும். அகல டயர் போடுவதே சாலையைக் கூடுதலாகப் பிடிக்கத்தான். அதை ஒரு ஓரத்தில் மட்டும் நிற்க வைப்பதில் என்ன லாபம்?

அகல ரிம்மில் ஒல்லி டயரை இழுத்து மாட்டும் பழக்கமும் இருக்கிறது. தோள் உள்ளே சரிவதால் ஃபெண்டரில் முட்டாது என்பது உண்மைதான். ஆனால் ரிம்மின் விளிம்பு டயரின் பாதுகாப்பை இழந்து நிற்கும், பள்ளத்தில் விழுந்தால் நேரடி அடி அதற்குத்தான். இதை நான் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை.

ரோலிங்

ஃபெண்டரின் விளிம்புத் தகடு உள்பக்கமாக ஒரு உதடு போல மடிந்திருக்கும். அது தட்டையாக நீட்டிக்கொண்டு டயரை நோக்கி நிற்கிறது. அதை மேல்நோக்கி மடக்கி வெளித்தகட்டோடு ஒட்ட வைப்பதுதான் ரோலிங். வெளியிலிருந்து பார்த்தால் எந்த மாற்றமும் தெரியாது. உதட்டின் அகலத்தைப் பொறுத்து 5 முதல் 10 மி.மீ. வரை கிடைக்கும், அதைவிட முக்கியமாக அந்தக் கத்தி விளிம்பு போய்விடும். அதன் பிறகு எப்போதாவது லேசாக உரசினாலும் டயர் கிழியாது.

வீலைக் கழற்றிவிட்டு ஹப்பில் போல்ட் செய்து மாட்டும் ஒரு கருவி இருக்கிறது. நீண்ட கை, அதன் நுனியில் ஒரு உருளை. அந்தக் காலத்தில் டயருக்கும் உதட்டுக்கும் நடுவில் பேஸ்பால் மட்டையைச் செருகி, காரை மெதுவாக உருட்டியே மடக்கினார்கள். (கிரிக்கெட் மட்டை தட்டை, அது வேலைக்கு ஆகாது.) மட்டை முறையில் அழுத்தம் ஒரே இடத்தில் விழும், ஃபெண்டரின் வளைவில் அலை அலையாகத் தெரியும். கருவி வாடகைக்குக் கிடைத்தால் மட்டைப் பக்கம் போகவே வேண்டாம்.

ரோலிங்கில் எல்லாமே சூட்டைப் பொறுத்தது. குளிர்ந்த பெயின்ட் மடிப்பில் வெடித்துவிடும். ஹீட் கன்னால் ஒரு சாண் நீளத்தைத் தொட முடியாத அளவு சூடாக்கி, உருளையை இருபது முப்பது தடவை முன்னும் பின்னும் ஓட்டி, பிறகு கோணத்தை ஒரு துளி கூட்டி, மறுபடி சூடாக்கி ஓட்ட வேண்டும். ஒரே மூச்சில் மடக்க நினைத்தவர்களின் ஃபெண்டரைப் பார்த்தாலே தெரியும். நானும் ஒரு முறை அப்படி அவசரப்பட்டேன். அன்று ஒன்றும் தெரியவில்லை. உதட்டின் உள்பக்கம் முடி மாதிரி ஒரு வெடிப்பு மட்டும் இருந்திருக்கிறது. அடுத்த மழைக்காலம் முடியும்போது அங்கே பெயின்ட் கொப்புளம் விட்டு, கீழே துரு. அப்போதிலிருந்து மடக்கி முடித்த கையோடு உள்பக்கம் முழுக்கப் பிரைமரும் சீலரும் அடித்துவிட்டுத்தான் வீலை மாட்டுகிறேன்.

எந்த ஃபெண்டரில் ரோலிங் ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே அடிபட்டுப் பட்டி போட்டு பெயின்ட் அடித்த ஃபெண்டரில் பட்டி தூள் தூளாக உதிரும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சின்னக் காந்தம் போதும், பட்டி இருக்கும் இடத்தில் அது சரியாக ஒட்டாது. அலுமினிய ஃபெண்டரையும் அதே காந்தம் காட்டிக்கொடுக்கும், அதில் காந்தம் ஒட்டவே ஒட்டாது. அலுமினியம் இரும்பைப் போலச் சமத்தாக மடியாது, கிழிந்துவிடும். சில கார்களில் முன்ஃபெண்டர் பிளாஸ்டிக்கிலேயே வருகிறது, அதைச் சீவத்தான் முடியும்.

இழுப்பது

அதே கருவியை வைத்துக்கொண்டு, உதட்டோடு நிற்காமல் ஃபெண்டரையே வெளியே தள்ளுவதுதான் புல்லிங். நல்ல கை என்றால் 15, 20 மி.மீ. வரை வரும். வெளியே தெரிகிற மாதிரி வளைவு விரியும். திறமையாகச் செய்தால் கம்பெனியிலேயே அப்படி வந்தது போல இருக்கும், அதில் சந்தேகமில்லை.

ஆனாலும் இந்த வழியை நான் கடைசியாகத்தான் சொல்வேன். தகடு நீளும்போது பெயின்ட் நீளாது. இன்று வெடிக்காவிட்டாலும் வெயிலில் காய்ந்து குளிரில் சுருங்கிப் பிறகு வெடிக்கும். அதனால் இழுத்தால் பெயின்ட் செலவு நிச்சயம். பின்பக்கத் தகட்டில் பெயின்ட் அடிக்க எல்லை கிடையாது, அது கூரை வரை ஒரே பலகையாகப் போகும்; எங்கே நிறுத்தி நிறத்தைக் கலப்பது என்பதே தலைவலி. கிடைப்பது ரோலிங்கைவிட 10 மி.மீ. மட்டும்தான் அதிகம். பெயின்ட் எப்படியும் போகப் போகிறது என்றால் அந்த 10 மி.மீ.க்காக மட்டும் போக விடுவானேன்? அந்தப் பத்தை ஆஃப்செட்டிலோ டயர் சைஸிலோ பெற்றுக்கொள்ளலாம். ஏற்கெனவே முழுப் பெயின்ட் அடிக்கப் போகிற காராக இருந்தால் மட்டும் இந்த வாதம் பொருந்தாது. அப்போது புல்லிங் நல்ல தேர்வுதான், துளை போடாமல், வெட்டாமல் இடம் கிடைக்கிறது.

பின்ஃபெண்டர் வேறு சாதி

முன்ஃபெண்டர் போல்ட்டில் தொங்கும் ஒற்றைத் தகடு. கெட்டுப்போனால் கழற்றி வேறு மாட்டலாம். பின்பக்கம் அப்படி இல்லை. அது காரின் உடலோடு சேர்த்து வெல்டு செய்த பலகை. அதன் உள்ளே வீலுக்கு மேலே இன்னொரு தகடு தொட்டி போலக் கவிழ்ந்திருக்கும். வெளித்தகடும் உள்தகடும் அந்த உதட்டில்தான் ஸ்பாட் வெல்டால் ஒட்டியிருக்கின்றன. உதட்டை மடக்கலாம், இரண்டு தகடும் சேர்ந்து மடியும், கொஞ்சம் கூடுதல் பலம் வேண்டும், அவ்வளவுதான். வெட்டினால் கதை வேறு. ஸ்பாட் வெல்டும் சேர்ந்து போய்விடும், இரண்டு தகட்டுக்கும் நடுவில் வாய் திறந்துகொள்ளும்.

அந்த வாயை அப்படியே விட்டு மேலே ஃபிளேரை வைத்து மூடிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். டயர் வாரி அடிக்கும் சேறும் தண்ணீரும் நேராக உள்ளே போய் கீழே வாசற்படித் தகட்டில் தேங்கும். வெளியே ஒன்றுமே தெரியாது, தெரியும்போது விரலால் குத்தினால் ஓட்டை விழும். சரியான முறை, வெளித்தகட்டை ஒரு அளவில் வெட்டி, உள்தகட்டைச் சிறு சிறு பட்டைகளாகக் கீறி, அவற்றை வெளியே மடக்கி வெளித்தகட்டோடு மறுபடி வெல்டு செய்து, தகடுகள் சேரும் இடத்தை அடைக்கும் சீம் சீலர் தடவி, மேலே துரு தடுக்கும் அண்டர்கோட் அடிப்பது. இதைச் செய்யத் தெரிந்த டிங்கரிடம் கேட்டால் அவரே முதலில் சீலர் பற்றிப் பேசுவார். கிரைண்டரை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறவரிடம் காரை விடாதீர்கள்.

ஃபிளேர்

30 மி.மீ.யைத் தாண்டி வேண்டும் என்றால் நியாயமான வழி ஃபிளேர்தான். இதற்குக் கௌரவமான பரம்பரையும் இருக்கிறது. நிஸ்ஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆரின் கேபிஜிசி 10 மாடலில் பின்வீலுக்கு மேலே போல்ட் செய்த ஃபிளேர் கம்பெனியிலேயே வந்தது. 1973-இல் வந்த பிஎம்டபிள்யூ 2002 டர்போவும் அப்படித்தான், திருகுகள் வெளியே தெரிய. இன்று லிபர்ட்டி வாக், ராக்கெட் பன்னி என்று பேர் வாங்கிய கிட்டுகள் அந்தத் திருகுகளையே அழகாக்கிக் காட்டுகின்றன. அகிரா நகாய் போர்ஷே கார்களைத் தன் கையாலேயே வெட்டி ஃபிளேர் பொருத்துகிறார். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஆசைக்கு நிரந்தரமாகக் கொடுக்கும் விலை, முந்தைய பத்தியில் சொன்ன வெட்டு. ஃபிளேரைக் கழற்றலாம். வெட்டியதை ஒட்ட முடியாது.

வெட்டாமலே ஃபிளேர் ஒட்டுவதும் நடக்கிறது. வெளியே துருத்தும் டயரை மூட அது உதவும். டயர் மேலே ஏறும்போது உள்ளே இருக்கும் பழைய உதட்டில் மோதத்தான் செய்யும். கார் தாழ்வாக இல்லாமல், டயர் உயரமும் மாறாமல் இருந்தால் மட்டும் இது தாங்கும்.

பொருளைப் பொறுத்தும் வித்தியாசம் உண்டு. ஃபைபர் கிளாஸ் இலகுவானது, மணல் தாள் வைத்துத் தேய்த்து உங்கள் காரின் வளைவுக்கு ஏற்பச் சரிசெய்யலாம், உடைந்தால் ஒட்டலாம். ஆனால் ஒரு கல்லோ நடைபாதை விளிம்போ பட்டால் விரிசல்தான். பாலியுரேதேன் வளையும், அடி வாங்கும், பழையபடி நிமிரும். கனம் கொஞ்சம் அதிகம், வெயிலில் வடிவம் தளரலாம், அதனால் திருகுகளை நெருக்கமாக வைக்க வேண்டும். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் (பிரேக் அல்ல) நடுவில் வரும். தினமும் ஓட்டும் காருக்கு நான் பாலியுரேதேனைத்தான் எடுப்பேன்.

பொருத்தும்போது பாப் ரிவிட் வேண்டாம். தகட்டில் ரிவிட் நட்டு (தகட்டோடு இறுகி நிற்கும் மரை) பதித்து அதில் போல்ட் போட்டால் எப்போது வேண்டுமானாலும் கழற்றித் துருவைப் பார்க்கலாம். துளை போட்டதும் வெறும் இரும்பு தெரியும், ஒவ்வொரு துளையின் ஓரத்திலும் பிரைமர் தொட வேண்டும். சலிப்பான வேலைதான், முப்பது நாற்பது துளைகள் வரும். ஃபிளேருக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் ரப்பர் பீடிங் வைக்காவிட்டால் இரண்டும் உரசி உரசி நடுவில் பெயின்ட் தேய்ந்து போகும்.

இரும்பிலேயே அகலப்படுத்துவது பற்றிச் சுருக்கமாக: ஆடி குவாட்ரோ, லான்சியா டெல்டா இன்டெக்ரலே, பிஎம்டபிள்யூ இ30 எம்3 ஆகியவற்றின் பெட்டி ஃபெண்டர்களைப் பார்த்தவர்களுக்கு அது ஏன் வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. அழகிலும் ஆயுளிலும் அதுதான் முதல். பணத்திலும் நாட்களிலும் அதுதான் கடைசி. வெல்டிங் சூட்டில் தகடு நெளியும், நெளிவைப் பட்டி போட்டு மறைக்காமல் தட்டியே நிமிர்த்தும் ஆள் கிடைப்பது அரிது. வாழ்நாள் முழுக்க வைத்திருக்கப் போகும் காருக்கு மட்டும்தான் இது.

உங்கள் காரின் இன்னொரு வகைக்குக் கம்பெனியே அகலமான முன்ஃபெண்டர் போட்டிருந்தால் அதை வாங்கி மாட்டுவது எல்லாவற்றையும்விடச் சுத்தம். போல்ட்டை அவிழ்த்து மாட்டும் வேலைதான். ஆனால் முன்பக்கம் மட்டும் தீரும், பின்பக்கம் மறுபடி அதே கேள்விதான்.

யாருக்கு எது

தினசரி ஓட்டும் கார், குடும்பம் ஏறுகிறது, 205-இலிருந்து 225-க்குப் போகிறீர்கள் என்றால் ஆஃப்செட்டை 40-இலிருந்து 45-க்குள் தேர்ந்தெடுத்து, தேவையானால் பின்பக்கம் மட்டும் ரோலிங். முடிந்தது. என் சொந்தக் காரில் இதைத்தான் செய்திருக்கிறேன். 245 மேல் இருந்த ஆசையை ஒரு வாரம் கணக்குப் போட்டுப் பார்த்து விட்டுவிட்டேன்.

பந்தயத் தளத்துக்குப் போகும் கார் என்றால் வெட்டும் ஃபிளேரும் சரி. அங்கே டயர்தான் முக்கியம், அதோடு வீலை மிக வெளியே தள்ளினால் பேரிங் மேல் சுமை கூடும், சாலையின் மேடுபள்ளத்துக்கு ஸ்டியரிங் இழுக்கும் என்பதையும் தெரிந்தே செய்கிறீர்கள். தோற்றத்துக்காக மட்டும் அகலம் வேண்டும் என்கிறவர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் முன்ஃபெண்டரை முதலில் செய்து ஆறு மாதம் பார்க்கட்டும். அது கழற்றி மாற்றக்கூடியது.

எதைத் தேர்ந்தாலும் காரின் அகலம் மாறினால் பதிவு விவரமும் இன்ஷூரன்ஸும் மாற வேண்டி வரலாம், டயரின் தரையைத் தொடும் பரப்பு ஃபெண்டருக்கு வெளியே தெரியக் கூடாது என்று பல நாடுகளில் விதி இருக்கிறது. வெட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

வேலை முடிந்ததும் டயரின் தோளில் சாக்பீஸை நன்றாகத் தேய்த்து, நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, மோசமான சாலை ஒன்றில் ஒரு சுற்று வாருங்கள். திரும்பி வந்து ஃபெண்டரின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். லைனரில் வெள்ளை ஒட்டியிருந்தால் விட்டுவிடலாம், அது தானே தேய்ந்து இடம் கொடுக்கும். மடக்கிய உதட்டில் வெள்ளை இருந்தால் வீலைக் கழற்றி, ஹீட் கன்னை மறுபடி எடுக்க வேண்டியதுதான்.